முகங்காட்டா அறம்

எங்கள் நிந்தவூரிலே கொடைக்குக் குறைவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாயில் முன்றிலுக்கு வருவோர், துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கும் இருவரையாவது காணாமல் வீடு திரும்புவது அரிது. சிறுநீரகம் பழுதுற்ற குடும்பத் தலைவர் ஒருவர், இதயத்திலே துவாரமுள்ள பாலகன் ஒருவன், தீயிற் கருகிப்போன கடை ஒன்று என்று யாதேனும் ஒரு துயரம் வாசலிலே காத்திருக்கும். படம் பெரிதாக அச்சிட்ட துண்டுப்பிரசுரத்தை நீட்டுவார்கள். படத்தைப் பார்ப்போம், மனம் இளகும், கை தானாகவே சட்டைப்பைக்குப் போகும்.

சென்ற நோன்பு மாதத்திற்குச் சில நாட்களுக்கு முன்னர் என் பழைய மாணவி ஒருவர் வீடு தேடி வந்தார். கையிலே ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகம் இருந்தது. படம் எதுவும் இல்லை. தாமும் சில பெண்களும் சேர்ந்து, பாலியல் வன்முறையினாற் பாதிக்கப்பட்ட பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் துணை நிற்பதாகவும், மாதந்தோறும் ஒரு சிறு தொகை தருபவர்களைத் தேடி வருவதாகவும் சொன்னார். நான் பள்ளிக்கூடத்து வழக்கப்படி கேள்வி கேட்டேன்.

“யார் யாருக்கு உதவி செய்தீர்கள், மகள்? ஒருவரையாவது சொல்லுங்கள், கேட்போம்.”

அவர் சிறிது நேரம் தலை குனிந்திருந்தார். பின்பு, “அதைச் சொன்னால் நாங்கள் செய்த உதவியே கெட்டுப்போகும், சேர்” என்றார்.

முப்பது ஆண்டுகளாகப் பிறரைக் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்கும் எனக்கு, என் கேள்வியே பிழை என்பதை ஒரு மாணவி சொல்ல நேர்ந்தது. அவர் போன பின் அவ்விடயத்தைப் பற்றிப் பல நாள் படித்தேன், அறிந்தவர்களிடம் கேட்டேன். அதன் பயனே இக்கட்டுரை.

முதலிலே சொல்லைப் பற்றிச் சிறிது கூறிவிடுகிறேன். தமிழாசிரியனுக்கு அதை விட்டுவைக்க மனம் வராது. எங்கள் இளமைக்காலத்துச் செய்தித்தாள்கள் இக்குற்றத்தைக் ‘கற்பழிப்பு’ என்றே எழுதின. அச்சொல்லை நின்று நோக்குங்கள். குற்றஞ் செய்தவன் அதிலே இல்லை; அழிந்தது இன்னதென்பது மட்டும் இருக்கிறது; அழிந்ததும் அவளுடையது. களவு போன வீட்டுக்காரனை நாம் ‘பொருள் அழிந்தவன்’ என்று இகழ்வதில்லை, கள்வனைத்தான் தேடுகிறோம். இன்று ‘பாலியல் வல்லுறவு’, ‘வன்புணர்வு’ என்னும் சொற்கள் வழக்குக்கு வந்துள்ளன. இவற்றிலே வன்மை செய்தவன் தெரிகிறான். இலக்கண வழுவை விட இவ்வழு கொடியது, திருத்தப்பட்டது நன்றே.

இப்பழி பழைய நூல்களிலும் இல்லாமலில்லை. மணிமேகலையின் சிறைசெய் காதையிலே மருதி என்பவளின் கதை வருகிறது. காவிரியிலே நீராடித் தனியே வந்த அவளை மன்னன் ககந்தனின் மகன் தன் இச்சைக்கு அழைக்கிறான். அவள் வீட்டுக்குப் போகவில்லை. சதுக்கப்பூதத்தின் முன் சென்று அழுகிறாள். நீதி வழங்குவதற்கென்றே நிற்கும் அப்பூதம் முதலிலே என்ன சொல்கிறது? நீ வீண்கதை கேட்பவள், விழாக் காணும் விருப்புடையவள் என்று அவள் குறையை எடுத்துரைக்கிறது. அதன் பின்னரே அரசன் ஏழு நாளுக்குள் அவனைத் தண்டிப்பான் என்கிறது. ககந்தன் தன் மகனென்றும் பாராது வாளுக்கு இரையாக்குகிறான். வகுப்பிலே இப்பகுதியைப் பல்லாண்டு கற்பித்திருக்கிறேன். மன்னனின் நீதியை வியந்து வியந்து விளக்கியிருக்கிறேன். அழுதுகொண்டு வந்தவளிடம் பூதம் பேசிய முதற்பேச்சைப் பற்றி ஒரு நாளாவது நின்று பேசியதில்லை.

அம்முதற்பேச்சுக்கு அஞ்சித்தான் இன்றும் பலர் வாய் திறப்பதில்லை. இலங்கைத் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் பெண்கள் மீதான வன்முறை குறித்து நாடு தழுவிய ஆய்வொன்றை 2019 ஆம் ஆண்டிலே நடத்தியது. துணைவரோடு வாழ்ந்த அல்லது வாழும் பெண்களில் ஐவருக்கு ஒருவர், அத்துணைவராலேயே உடல்வழி வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ தம் வாழ்நாளில் ஆளாகியிருந்தனர். பாலியல் வன்முறைக்கு ஆளானோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் எந்த நிறுவனத்திடமும் உதவி நாடவில்லை. வெட்கம், தம்மையே குறை சொல்வார்கள் என்ற அச்சம், சொன்னால் நம்பமாட்டார்கள் என்ற எண்ணம் ஆகியவை அவர்கள் கூறிய காரணங்களுட் சில.

ஆகவே இத்தகைய சங்கமொன்றின் முதற்கடமை மறைத்தல். பாதிக்கப்பட்டவரின் பெயரையோ, அவர் இன்னார் என்று ஊகிக்கவைக்கும் செய்தியையோ அச்சிடுவதை நம் நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவையும் குற்றமென்கிறது. பெரிய நகரத்திலே பெயரை மறைத்தாற் போதும். காரைதீவுக்கும் ஒலுவிலுக்கும் இடைப்பட்ட நம் ஊர் போன்ற இடத்திலே பெயர் மட்டும் மறைந்து பயனில்லை. தெருவைச் சொன்னால் வீடு தெரியும். வயதைச் சொன்னால் ஆள் தெரியும். ‘தகப்பன் வெளிநாட்டிலே’ என்று ஒரு வார்த்தை சொன்னால் மாலைக்குள் தேநீர்க்கடையிலே முழுக்கதையும் உருவாகிவிடும். மற்ற அறங்கள் முகத்தைக் காட்டிப் பொருள் சேர்க்கின்றன. இவ்வறம் முகத்தைக் காட்டிய கணத்திலேயே அறமல்லாததாகிவிடும்.

சரி, இவர்களுக்குப் பணம் எதற்கு என்று கேட்பவர் உண்டு. பொலிஸ் இருக்கிறது, வைத்தியசாலை இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றிலே ‘நட்பு நிலையம்’ என்ற பெயரில் இதற்கென்றே ஒரு பிரிவும் இருக்கிறது. 1938 என்ற இலக்கத்திற்குத் தொலைபேசியிலே முறையிடலாம். எல்லாம் உண்மை. ஆனால் வீட்டு வாசலிலிருந்து இவ்விடங்களுக்குப் போகும் வழியிலேதான் துணையும் செலவும் வேண்டியிருக்கின்றன.

இரவு பதினொரு மணிக்கு ஒரு தாய் மகளோடு வருகிறாள் என்று கொள்வோம். காலம் இங்கே பொன்னினும் அரியது. எயிட்ஸ் நோய்க்கிருமி தொற்றாமற் காக்கும் மருந்தை 72 மணித்தியாலத்திற்குள் தொடங்கவேண்டும். கருத்தரியாமற் காக்கும் அவசர மருந்துக்கு எல்லை ஐந்து நாள். சட்ட வைத்திய அதிகாரி காணவேண்டிய தடயங்களோ குளித்தாலே போய்விடும். அந்நேரத்திலே முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கக் கையிலே காசு வேண்டும். வங்கியிலே இருக்கும் காசும், கொழும்பிலிருந்து அங்கீகாரம் வரவேண்டிய காசும் அந்த இரவுக்கு உதவா. வண்டிக்காரர் வாய் அடக்கமுள்ளவராகவும் இருக்கவேண்டும். அவருக்கு இரு மடங்கு கொடுத்தாலும் தகும். மாற்றுடை வேண்டும், ஏனெனில் உடுத்தது தடயமாகப் போய்விடும். குற்றஞ் செய்தவன் அதே வீட்டுக்காரனாயின் அன்றிரவு தங்க வேறிடம் வேண்டும்.

இவ்விடத்திலே எங்கள் கரையோரத்துக்கே உரிய ஒன்றைச் சொல்லவேண்டும். இங்கே முஸ்லிம்களானாலும் தமிழர்களானாலும் வீடு பெண்ணுக்கு. மணமானதும் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருகிறார். ஆகவே தீங்கு செய்தவனை வெளியேற்றிவிட்டு அவளைத் தன் வீட்டிலேயே வைத்துக் காப்பது இங்கே ஓரளவு இயலும். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் அத்தகைய கட்டளையைப் பெற வழி செய்கிறது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் கொண்டுபோன வீடுகளுக்குப் பதிலாகக் கட்டித் தந்த வீடுகளிற் பலவற்றின் உறுதி, குடும்பத் தலைவர் என்ற கணக்கிலே ஆண்களின் பெயருக்கு எழுதப்பட்டது. கொடுத்தவர்களுக்கு எங்கள் வழமை தெரியாது. எடுத்துச் சொல்லவேண்டிய நாமும் உரக்கச் சொல்லவில்லை.

இரவுச் செலவை விடப் பெரியது ஆண்டுக்கணக்கான செலவு. வழக்கு முதலிலே நீதவான் நீதிமன்றத்திற்குப் போகிறது. அங்கிருந்து சட்டமா அதிபர் திணைக்களத்திற்கு. அவர்கள் குற்றப்பத்திரம் தாக்கல் செய்த பின்னரே மேல் நீதிமன்றத்தில் விசாரணை. விசுவமடுவிலே 2010 ஜூன் மாதம் நிகழ்ந்த குற்றமொன்றுக்கு யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தின் தீர்ப்பு 2015 ஒக்டோபரிலே வந்தது. அதன் பின் மேன்முறையீடு. நாடே கவனித்த வழக்குக்கு இத்தனை காலமென்றால், ஒருவரும் கவனியாத வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். முறையிட்டபோது ஒன்பதாம் வகுப்பிலே இருந்த பிள்ளை, சாட்சிக் கூண்டில் ஏறும்போது மணமான பெண்ணாக இருப்பாள். ஒவ்வொரு தவணைக்கும் அவளோடு ஒருத்தி போகவேண்டும். கூலிவேலை செய்யும் தாயின் அன்றைய சம்பளத்தை யாரேனும் ஈடு செய்யவேண்டும். தவணை ஒத்திவைக்கப்பட்டது என்று கேட்டுத் திரும்பி வரும் பஸ்ஸிலே பக்கத்தில் இருப்பதும் ஒரு தொண்டுதான்; அறிக்கையிலே அதனை எந்தப் பத்தியில் எழுதுவது?

வெளிநாட்டு நிதி இங்கேதான் இடறுகிறது. அதன் வாழ்நாள் ஓராண்டு, மிஞ்சினால் மூன்று ஆண்டு. வழக்கின் வாழ்நாள் அதைக் கடந்தது. நிதி முடிந்ததும் உளவளத்துணையாளர் வேறு வேலை தேடிப் போகிறார். அரைகுறையாக மனம் திறந்த பெண், இன்னொருவரிடம் முதலிலிருந்து சொல்லவேண்டியவளாகிறாள். சொல்வதே இரண்டாம் காயம்.

இதைக் கூறும்போது அந்நிதியாற் பயனில்லை என்றேனென எவரும் கொள்ளற்க. நமக்கு அண்மையிலேயே சான்றுண்டு. 1991 இலே கொழும்பிலே, வடக்கு கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்த பெண்கள் ஒன்றுகூடித் தொடங்கியது சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம். 1993 இலே அது மட்டக்களப்புக்கு வந்தது. போர் நடந்த காலத்திலே, முறையிடுவதே உயிராபத்தாயிருந்த காலத்திலே, அது பெண்களோடு நீதிமன்றத்திற்கும் வைத்தியசாலைக்கும் போனது. பாட்டும் வீதி நாடகமும் போட்டது. ‘பெண்’ என்னும் சஞ்சிகையையும் வெளியிட்டது. தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒரே கூரையின்கீழ் இருந்து பணி செய்ததை, 1990 இன் குருதிக்குப் பின் இக்கரையோரத்திலே வாழ்ந்தவர்கள்தான் அதன் அருமை தெரிந்து பாராட்ட முடியும். அதற்கு முன்னரே, 1987 இலே, கொழும்பிலே விமன் இன் நீட் நிறுவனம் தோன்றிவிட்டது. இவை போன்றவை நின்று நிலைத்ததற்கு வெளியார் உதவியும் ஒரு காரணம். ஆனால் கடற்கோளின் பின் வெள்ளமாய் வந்த பணம் வெள்ளம் போலவே வடிந்தது. 2025 ஜனவரியிலே அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தபோது, உலகெங்கும் பெண்களுக்குத் துணை நின்ற அமைப்புக்கள் பல ஒரே வாரத்திலே தடுமாறின. வாஷிங்டனிலே ஒருவர் இடும் கையெழுத்துக்கும் நம் ஊரிலே நள்ளிரவில் வேண்டிய வண்டிக்கூலிக்கும் தொடர்பிருப்பது நல்ல ஏற்பாடன்று.

அரசாங்கமே செய்யட்டும் என்பது மற்றொரு வாதம். செய்யவேண்டும், செய்த நாடுகளின் அனுபவத்தையும் பார்க்கவேண்டும். அமெரிக்கா 1984 இலே ஒரு சட்டம் இயற்றி, மத்திய நீதிமன்றங்களிலே குற்றவாளிகள் கட்டும் தண்டப்பணத்தைக் கொண்டே பாதிக்கப்பட்டோருக்கு ஒரு நிதியம் அமைத்தது. வரி செலுத்துவோர் காசு ஒன்றும் அதிலே இல்லை. எண்ணம் அழகியது. ஆனால் தண்டப்பணம் குறைந்த ஆண்டுகளிலே நிதியமும் மெலிந்தது. துணை நிலையங்களும் வாடின. இந்தியா, டெல்லியிலே 2012 டிசம்பரில் நடந்த கொடுமையின் பின், 2013 இலே 1000 கோடி ரூபாவோடு நிர்பயா நிதியை ஏற்படுத்தியது. அதிலே பெரும்பகுதி பல ஆண்டுகள் செலவிடப்படாமலே கிடந்தது. பணமின்மை ஒரு துன்பம். பணமிருந்தும் கை நீளாமை வேறொரு துன்பம். நம் நாட்டிலும் 2015 இன் 4 ஆம் இலக்கச் சட்டம் குற்றத்தினாற் பாதிக்கப்பட்டோர்க்கு ஒரு நிதியத்தை நிறுவியது; 2023 இன் 10 ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்திற்கு வந்தது. அதற்கு விண்ணப்பிக்கும் படிவத்தை நிரப்பிக் கொடுக்கவும் பக்கத்திலே ஒருத்தி வேண்டும்.

ஆகவே சுற்றிச் சுற்றி ஊருக்கே வரவேண்டியிருக்கிறது. மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாதது. அத்தகைய தெய்வப் பாத்திரத்திற்கும் முதற்பிச்சை ஊர்ப்பெண்ணாகிய ஆதிரையின் கையாலேயே இடப்படவேண்டியிருந்தது. சாத்தனார் ஏன் அப்படி அமைத்தார் என்று மாணவர் கேட்டால் ஆதிரையின் கற்பைக் காரணம் காட்டுவோம். இப்பொழுது எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது: ஊரவர் கை படாத பாத்திரத்தை ஊர் தன்னுடையதாகக் கொள்வதில்லை.

சென்னையிலே மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வரலாறும் இதற்குச் சான்று. தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டசபையிலே போராடிய அம்மையாரின் வாசலுக்கு 1930 இலே மூன்று பெண்பிள்ளைகள் புகலிடம் கேட்டு வந்தனர். அவர் அவர்களை அனுப்பிய விடுதிகள் ஏற்க மறுத்தன. எந்த நிதியத்திற்கும் விண்ணப்பிக்காமல் தம் வீட்டிலேயே அவர்களை வைத்துக்கொண்டார். அவ்வாறு பிறந்ததே ஔவை இல்லம். 1936 இலே அடையாற்றிலே நிலைபெற்ற அவ்வில்லத்தின் மூலதனம் ஒரு வீட்டின் திறந்த கதவு.

இன்னும் பழைய சான்றொன்று நம் சமூகத்தவர் அறியவேண்டியது. எகிப்து நாட்டுக் கெய்ரோ நகரிலே, சுல்தான் பைபர்ஸின் மகளான அரசிளங்குமரி ஹிஜ்ரி 684 இலே, அதாவது 1285 அளவிலே, ரிபாத்துல் பக்தாதிய்யா என்னும் இல்லத்தைக் கட்டினாள். விவாகரத்தான பெண்களும் கணவன்மாராற் கைவிடப்பட்ட பெண்களும், மறுமணம் செய்யும் வரை அல்லது வீடு திரும்பும் வரை அங்கே பாதுகாப்பாய்த் தங்கினர் என்று வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதுகிறார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் அது நடந்தது. மூன்றாண்டுத் திட்டமாக யாரும் அதனைத் தொடங்கவில்லை.

வக்பு என்பது நமக்குப் புதிதன்று. 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்கச் சட்டம் இலங்கையிலே அதனை ஒழுங்குபடுத்துகிறது. கிழக்கிலே பள்ளிவாயில்களுக்கு எழுதிவைத்த வயல்களும் தென்னந்தோட்டங்களும் உண்டு. பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் விளைச்சல் தரும் ஓர் ஏக்கர் வயல் இப்பணிக்கென்று எழுதிவைக்கப்பட்டால், வழக்குத் தவணை எத்தனை ஆண்டு நீண்டாலும் பஸ் கூலிக்குத் தட்டுப்பாடு வராது. ஸகாத்தைப் பற்றி மார்க்கம் கற்றவர்கள் தீர்ப்புக் கூறட்டும். ஆயினும் அதனைப் பெறத் தகுதியுடைய எண்வகையினரில் ஏழைகளும் கடனாளிகளும் முதலானோர் எண்ணப்படும்போது, நீதிமன்றத்துக்கும் வீட்டுக்குமாய் அலைந்து வறியவளான தாய் எவ்வகையிலும் அடங்காள் என்று எவரும் சொல்லார் என்றே நினைக்கிறேன். பிடியரிசியும் இருந்தது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை வேறு பானையிலே போடுவாள் என் தாயார். வாரத்துக்கொருமுறை ஒருவர் வந்து வாங்கிப்போவார். யாருக்கு அவ்வரிசி போகிறதென்று என் தாயார் ஒருநாளும் கேட்டதில்லை.

நூறு வீடுகள் மாதம் 500 ரூபா கொடுத்தால் 50,000 ரூபா. வருடத்துக்கொருமுறை மேடையிலே மாலை போட்டு வாங்கும் பெருந்தொகையிலும் இது மேலானது. ஏனெனில் அடுத்த மாதமும் வரும். மேடையேறிக் கொடுப்பவருக்கு ஒரு படம் வேண்டும். அப்படத்திலே பக்கத்தில் நிற்க ஒரு பெண்ணும் வேண்டும். அங்கேதான் வந்தது வினை.

காணாத இடத்திலே கணக்கு எப்படி நம்புவது? நியாயமான கேள்வி, நல்ல மனிதர்களும் கணக்கிலே சறுக்கியதை நாம் பார்த்திருக்கிறோம். என் மாணவி தம் முறையை விளக்கினார். இரண்டு புத்தகங்கள். ஒன்றிலே இலக்கங்கள் மட்டும்: இன்ன இலக்கத்தார்க்கு இன்ன நாள் வண்டிக்கூலி இவ்வளவு, மருந்து இவ்வளவு, சிட்டை இணைப்பு. மற்றதிலே இலக்கத்துக்குரிய பெயர். அது பூட்டிய அலுமாரியிலே, இருவர் கையிலே இரண்டு திறப்பு, இருவரும் இருந்தாலன்றித் திறவாது. கணக்காய்வாளர் முதற்புத்தகத்தை எத்தனை முறையும் பார்க்கலாம். மாதாந்தக் கூட்டத்திலே செலவு வாசிக்கப்படும், கதை வாசிக்கப்படமாட்டாது. நிருவாகக் குழுவிலே இருப்பவரின் உறவினன்மீதே முறைப்பாடு வந்தால், அவ்வுறுப்பினர் அவ்விடயம் முடியும் வரை விலகி நிற்கவேண்டும். சிற்றூரிலே எல்லோரும் எல்லோருக்கும் உறவு என்பதால் இவ்விதி அடிக்கடி வேலை செய்கிறது என்று சொல்லிச் சிரித்தார். ஊழியர்களும் துயரம் கேட்டுக் கேட்டு நோயுறாதிருக்க விடுமுறையும் ஆறுதலும் வேண்டும் என்றார். ஆண்பிள்ளைகளும் வருகிறார்கள் என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவரிடம் நான் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், இவ்வூரன்று, வேறொரு பாடசாலையிலே, நன்றாகப் படித்த பிள்ளையொன்று திடீரென வரவு குன்றியது. வந்த நாட்களிலும் சன்னலோரமே பார்த்துக்கொண்டிருந்தது. பாடம் ஒப்புவிக்காததற்காக இரண்டு முறை வகுப்பிலே நிற்கவைத்தேன். பின்னர் வரவே இல்லை. விதிப்படி இத்தனை நாள் கடந்ததும் இடாப்பிலே சிவப்பு மையால் அதன் பெயரை வெட்டினேன். ஏனென்று வீட்டுக்குப் போய்க் கேட்கவில்லை. என்ன நேர்ந்ததென்று இன்றும் எனக்குத் தெரியாது. ஒன்றுமே நேராமலும் இருந்திருக்கலாம். அச்சிவப்புக் கோடு மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை.

சில நாட்களின் பின் அம்மாணவியை மீண்டும் அழைத்தேன். மாதத் தொகையைச் சொன்னேன். பற்றுச்சீட்டிலே என் பெயரை எழுதவேண்டாம், ‘ஒரு நலன்விரும்பி’ என்று போடுங்கள் என்றேன். மறைத்துக் கொடுப்பதல்லவா சிறந்த தருமம்.

“அது சரிவராது, சேர். கொடுப்பவரின் பெயர் கட்டாயம் இருக்கவேண்டும். கணக்காய்வாளர் கேட்பார்” என்றார்.

முதலெழுத்தோடு முழுப்பெயரும் சொன்னேன். நான் எழுத்துக்கூட்டக் கற்பித்த கையாலேயே பிழையற எழுதி, தாளைக் கிழித்து என்னிடம் தந்துவிட்டு, அடிக்கட்டையைத் தம் பையிலே வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.